ஊர் சொல்லாத புளூஸ்காரர்

தவம் அண்ணை போய்விட்டார் என்பதை எனக்குச் சொன்னவர் அவருடைய மனைவி சாந்தி அக்கா. சனிக்கிழமை மாலை, எங்கள் சிறிய தமிழ் வானொலியின் கலையகத்துக்குள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நுழைகிறேன், தொலைபேசி அடித்தது. "தங்கச்சி, அவர் விடியப்புறம் போட்டார். அறிவித்தல் எழுதி அனுப்பியிருக்கிறன். நான் அனுப்பினபடியே வாசி. ஒரு சொல்லும் கூட்டாதை, குறைக்காதை" என்றார். குரலில் அழுகை இல்லை. நான்தான் கதிரையில் இருந்து அழுதேன். மரண அறிவித்தல் வாசிப்பது அந்த வானொலியில் என் பொறுப்பு. மூக்கைத் துடைத்துவிட்டு வாசித்தேன்.

"ஒஸ்லோ குரோருட்டில் வாழ்ந்த தவராசா காலமானார். அவர் சாந்தியின் கணவர், மீராவின் தந்தை, புளூஸ் இசைக் கலைஞர்." அவ்வளவுதான். எங்களுடைய அறிவித்தல் எப்படித் தொடங்கும் என்று உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தில் இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன இடத்தை வதிவிடமாகவும் கொண்ட என்று தொடங்கி, இன்னாரின் மகன், இன்னாரின் மருமகன் என்று போய், இறந்தவரின் பெயர் வருவதற்குள் வாசிக்கிறவருக்கு மூச்சு வாங்கும். இதில் முதல் சொல்லே இல்லை. பிறப்பிடம் இல்லை.

வாசித்து முடித்துப் பாட்டுப் போட்டதும் தொலைபேசிகள் வரத் தொடங்கின. "பிள்ளை, பிறந்த இடத்தை வாசிக்காமல் விட்டிட்டீர்" என்றார் ஒருவர். "எழுத மறந்திட்டினமோ, கேட்டுச் சொல்லும்" என்றார் இன்னொருவர். என்ன வருத்தம், எவ்வளவு நாள் படுக்கையில் இருந்தார், சாந்தி எப்படி இருக்கிறார் என்று எவரும் கேட்கவில்லை. அடுத்த அழைப்பு என் அம்மா. "கடைசியிலையும் எவடம் எண்டு சொல்லாமல் போட்டானே!" என்றார். எனக்குக் கோபம் மூக்கின் மேல்தான் இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். தொலைபேசியைத் துண்டித்துவிட்டேன்.

யாழ்ப்பாணத்தார் இரண்டு பேர் உலகத்தின் எந்த மூலையில் சந்தித்தாலும் முதல் கேள்வி பெயர், அடுத்தது "ஊரிலை எவடம்?" என்பது. ஊர் தெரிந்தால் குறிச்சியைக் கேட்கலாம், குறிச்சி தெரிந்தால் கோயிலைக் கேட்கலாம், கோயில் தெரிந்தால் சாதி தெரிந்துவிடும். சாதி என்ற சொல்லை வாயால் உச்சரிக்க வேண்டிய அவசியமே இல்லை. இந்தக் கேள்விக்குத் தவம் அண்ணை ஒருவருக்கும் பதில் சொன்னதில்லை. அதற்கு அவர் கொடுத்த விலை என்ன என்பதை அருகில் இருந்து பார்த்தவள் என்பதால் இதை எழுதுகிறேன். இதை வாசிக்கிற உங்களில் பலர் அந்தக் கேள்வியை அவரிடம் கேட்டவர்கள்தான்.

அவர் வானொலிக்கு வந்த நாளில் நான் என் கர்நாடக இசை நிகழ்ச்சியை முடித்துவிட்டுச் சுருதிப்பெட்டியைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தேன். பகலில் மருத்துவமனை ஆய்வுகூடத்தில் இரத்தம் பரிசோதிப்பதும் வார இறுதியில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பதும்தான் என் சீவியம். அவருக்குப் பேருந்து நேர அட்டவணை போடும் அலுவலகத்தில் வேலை. ஒஸ்லோ முழுவதும் பேருந்து ஓடும் நேரத்தை வகுத்த மனிதர், எங்கள் கலையகத்துக்கு ஒரு சனிக்கிழமைகூட நேரத்துக்கு வந்ததில்லை. அன்றும் பிந்தித்தான் வந்தார். தோளில் கிற்றார், தலையில் பனி. "எனக்கு அரை மணித்தியாலம் தாருங்கோ, தமிழிலை புளூஸ் பற்றிக் கதைக்கிறன்" என்றார். மாலைச் சாப்பாட்டு நேரத்து அரை மணியை வேறு யாரும் கேட்காததால் நிர்வாகம் கொடுத்துவிட்டது. ஒலிப்பதிவு மேசையில் யாராவது இருக்க வேண்டும் என்று என்னையும் அவருடன் கட்டிவிட்டார்கள்.

முதல் நிகழ்ச்சியில் புளூஸ் எங்கே பிறந்தது என்று சொன்னார். அமெரிக்காவின் தெற்கே, பருத்தி விளைந்த மிசிசிப்பி ஆற்றுப் பகுதிகளில். மேற்கு ஆபிரிக்காவிலிருந்து பிடித்துக் கப்பலில் ஏற்றப்பட்டவர்களின் வழிவந்தவர்கள், அடிமை முறை சட்டப்படி ஒழிந்த பிறகும் அதே மண்ணில் அதே வெயிலில் கூலிக்கு நின்றவர்கள் உண்டாக்கிய இசை. வயலில் ஒருவர் குரல் எறிய, தூரத்தில் நிற்பவர் அதைத் திருப்பி எறிவார். மண்வெட்டி விழும் கணக்குக்கு எல்லோரும் சேர்ந்து பாடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் வேறு பாட்டு. இவை எல்லாம் கலந்து, கையில் ஒரு கிற்றாரும் சேர்ந்தபோது புளூஸ் வந்தது. முதலில் பாடியவர் யார், எந்த ஊர், எந்த வருடம் என்று எவருக்கும் தெரியாது என்றார். பிறகு, எழுதி வைத்திருந்த தாளை மேசையில் வைத்துவிட்டு, "அந்தச் சனத்தின்ரை ஊரும் பேரும் கப்பல் ஏறேக்கையே பறிபோட்டுது. எவடம் எண்டு கேட்டால் பதில் சொல்ல ஏலாத ஆக்கள் உண்டாக்கின பாட்டு இது. அதாலைதான் எனக்கு இதிலை பிடிப்பு" என்றார். நான் அன்று ஒலியளவு முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்னது மண்டைக்குள் இறங்க நாட்கள் எடுத்தன.

நாங்கள் இருவரும் சண்டை பிடித்த முதல் விடயம் சுருதி. அவர் கிற்றார் வாசிக்கிறார், வெறுமையாக இருக்கிறதே என்று உதவி செய்யும் எண்ணத்தில் என் சுருதிப்பெட்டியைப் போட்டுவிட்டேன். கச்சேரிக்கு வந்தவருக்குத் தண்ணீர் வைப்பதுபோல இயல்பாகத்தான் செய்தேன். அவர் ஷட்ஜத்திலிருந்து மத்திமத்தின் ஸ்வரக்கூட்டுக்குப் போனார். என் பெட்டி ஸ-ப, ஸ-ப என்று அசையாமல் நின்றது. இரண்டும் முட்டி அடிபட்டன. அவர் வாசிப்பதை நிறுத்தாமல் கண்ணால் பெட்டியைக் காட்டினார். நான் சத்தத்தைக் குறைக்கச் சொல்கிறார் என்று நினைத்துக் கூட்டினேன். பாட்டு முடிந்ததும் ஒலிவாங்கியிலேயே, "நேயர்களே, இப்ப நீங்கள் கேட்டது உலகத்திலையே முதல்முறையாகச் சுருதிப்பெட்டியோடை வாசிச்ச புளூஸ். இனி ஒருதரும் செய்யமாட்டினம்" என்றார்.

அன்று வெளியே ரிபான என்ற நிலக்கீழ் ரயிலுக்குக் காத்து நிற்கும்போது விளக்கினார். எங்களுக்கு ஷட்ஜம்தான் வீடு. வீட்டை விட்டு நகர்வதில்லை. புளூசில் வீடு மூன்று. முதல் வரி ஷட்ஜத்தின் வீட்டில். இரண்டாம் வரி மத்திமத்தின் வீட்டில் தொடங்கித் திரும்பி வரும். மூன்றாம் வரி பஞ்சமத்தில் ஏறி, மத்திமத்தில் ஒரு கால் வைத்து, பிறகு சொந்த வீட்டுக்கு வரும். வரிக்கு நான்கு ஆவர்த்தனம், எல்லாமாகப் பன்னிரண்டு. தாளத்தை நான் பிடிக்க முடியாமல் தவித்தபோது, "தகிட, தகிட எண்டு சொல்லு. இப்ப நடுவிலை இருக்கிற 'கி'யை வாய்க்குள்ளை விழுங்கு" என்றார். பிளாட்பாரத்தில் நின்று த-ட, த-ட என்று சொல்லிப் பார்த்தேன். நொண்டிக்கொண்டு நடப்பதுபோல ஒரு நடை வந்தது. பக்கத்தில் நின்ற நோர்வேக்காரர் இரண்டடி தள்ளிப் போனார்.

காந்தாரத்தில் இன்னொரு சண்டை. "அண்ணை, உங்கடை காந்தாரம் சேரேல்லை" என்று சொல்லிவிட்டேன். சாதாரண காந்தாரமும் இல்லை, அந்தர காந்தாரமும் இல்லை. தந்தியை விரலால் வளைத்து இரண்டுக்கும் இடையில் கொண்டுபோய் நிறுத்துவார். மேலே ஏறும், போய்ச் சேராது. "சேரக்கூடாது. அது ரெண்டு பேருக்கும் சொந்தமில்லாத சுரம். அதை எடுத்துப்போட்டால் புளூஸ் இல்லை" என்றார். இப்படி நடுவில் நிற்கும் சுரங்கள் ஆபிரிக்காவிலிருந்து குரலில் வந்தவை என்றும், ஐரோப்பியக் கருவியில் அதற்குக் கட்டை இல்லாததால் கிற்றார்காரர்கள் தந்தியை வளைத்தும், கத்தியாலும் உடைத்த போத்தல் கழுத்தாலும் தேய்த்தும் அதைத் தேடினார்கள் என்றும் சொன்னார். கமகம் பாடிப் பழகிய எனக்கு அது காதில் ஏற நேரமாகவில்லை. ஆனால் அவரிடம் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கும் ஒரு மரியாதை இருக்கிறது.

நேயர்களைத் தொலைபேசியில் எடுக்கத் தொடங்கியபோதுதான் வில்லங்கம் வந்தது. பெரியவர் ஒருவர் பேசினார். நிகழ்ச்சி நல்லது, குரல் நல்லது என்று பாராட்டிவிட்டு, "தம்பி, ஊரிலை எவடம்?" என்றார். தவம் அண்ணை சிரித்தார். கேட்கவில்லையாக்கும் என்று நினைத்த பெரியவர், குரலைக் கொஞ்சம் இறுக்கி, "இல்லை, ஊரிலை எவடம் எண்டு கேட்டனான்" என்றார். நேரலை. தவம் அண்ணை நிதானமாக, "ஐயா, இந்தப் பாட்டுக்காரரிட்டைக் கேட்டிருந்தால் அவையும் முழிச்சிருப்பினம். நானும் அவையோடை நிக்கிறன்" என்று சொல்லிவிட்டுப் பாட்டைப் போட்டார். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது என் பக்கம் குனிந்து, "கவனிச்சியோ? முதல் வரி கேட்டார். அதே வரியைத் திருப்பிக் கேட்டார், ஆனால் ரெண்டாம் முறை வீடு மாறிட்டுது. மூண்டாம் வரி நான் பதில் சொன்னன். புளூசின்ரை பாட்டு வடிவம் இதுதான். இனி நான் படிப்பிக்கத் தேவையில்லை, ஐயா படிப்பிச்சிட்டார்" என்றார். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அடுத்த நிர்வாகக் கூட்டத்தில், மூத்தவர் ஒருவரை அவமதித்ததாக முறைப்பாடு வந்தது. நிகழ்ச்சியை எடுத்துவிடுவதாகச் சொன்னார்கள். எடுத்தால் மரண அறிவித்தலை நீங்களே வாசியுங்கள் என்று நான் சொன்னதும் அடங்கிவிட்டார்கள்.

புளூஸ் என்றால் ஒப்பாரி மாதிரியா என்று அடிக்கடி கேட்பார்கள். அவருக்கு அந்த ஒப்பீடு பிடிக்காது. "ஒப்பாரி செத்த ஆளுக்கு. புளூஸ் உயிரோடை இருக்கிறவன் தனக்குப் பாடுறது. சனிக்கிழமை பின்னேரம் அதுக்குச் சனம் ஆடினது" என்பார். "அழுகிறதில்லை. கவலையைப் பிடிச்சு முன்னாலை கதிரையிலை இருத்திப்போட்டு, அதோடை கதைக்கிறது. இடையிலை பகிடியும் விடலாம்."

என் அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். சொன்னால் கோபிப்பார், ஆனால் சொல்லாவிட்டால் இந்தக் கதை இல்லை. அம்மா தவம் அண்ணையின் நிகழ்ச்சியைத் தவறவிட்டதில்லை. கேட்டால், "மரண அறிவித்தலுக்காகப் போட்டு வைச்சிருக்கிறன்" என்பார். அவர்கள் வீடு எங்களுக்கு அடுத்த கட்டடம். அம்மா சாந்தி அக்காவுடன் ஒட்டு. ஆனால் அந்த வீட்டில் ஒரு வாய் தேத்தண்ணி குடித்ததில்லை. ஊர் தெரியாத வீட்டில் எப்படிக் குடிப்பது? யாரையும் நோகாமல் தட்டிக் கழிக்க எங்களிடம் ஒரு வசனம் இருக்கிறது, "இப்பதான் குடிச்சிட்டு வந்தனான்." அம்மா படியேறி வரும்போதே தவம் அண்ணை கதவைத் திறந்து, "வாங்கோ அம்மா, இருங்கோ. இப்பதான் குடிச்சிட்டு வந்திருப்பியள்" என்பார். அம்மாவுக்கு முகம் ஒரு மாதிரியாகும். ஆனாலும் போவார், இருப்பார், கதைப்பார். தவம் அண்ணை உயிரோடிருந்த காலம் முழுவதும் அம்மா அங்கே குடிக்கவில்லை.

மீராவின் விடயத்தை எழுதுவதற்கு மீராவிடமே அனுமதி வாங்கினேன். அவள் துரொண்ட்ஹெய்ம் நகரில் படித்தபோது ஒரு தமிழ்ப் பையனை விரும்பினாள். இரண்டு பேரும் இங்கே பிறந்தவர்கள். பையனின் பெற்றோர் பெண் பார்க்க என்று குரோருட்டுக்கு வந்தார்கள். சாந்தி அக்கா பலகாரம் சுட்டு வைத்திருந்தார். பேச்சு நல்லபடியாகப் போய், பையனின் தகப்பன் அந்தக் கேள்வியைக் கேட்டார். தவம் அண்ணை, "பிள்ளையளைப் பற்றிக் கதைப்பம்" என்றார். அவர்கள் மரியாதையாகப் போனார்கள். பிறகு தொலைபேசி வரவில்லை. சாந்தி அக்கா என் முன்னாலேயே அவரிடம் கத்தினார். "ஒரு சொல்லு! ஒரே ஒரு சொல்லு சொல்லியிருந்தால் பிள்ளையின்ரை காரியம் முடிஞ்சிருக்கும். உங்கடை கொள்கைக்கு ஏன் அவள் அழவேணும்?" படிப்பு முடிந்து வீட்டுக்கு வந்திருந்த மீரா அந்தக் குளிர்காலம் முழுவதும் தகப்பனோடு கதைக்கவில்லை. எனக்கும் அவர் மீது கோபம் வந்தது. மகளின் வாழ்க்கையை வைத்துப் பிடிவாதம் பிடிக்கிறாரே என்று நினைத்தேன். அந்தக் கோபம் இன்றும் முழுதாகப் போகவில்லை.

கலையகத்தில் நான் அதை அப்படியே கேட்டுவிட்டேன். ஊர் எது என்று கேட்கவில்லை, ஏன் சொல்வதில்லை என்று கேட்டேன். அப்போதுதான் வடக்கில் இருந்த காலத்தைச் சொன்னார். நோர்வேக்கு வந்த புதிதில் வடகடலோரத்தில் ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை. தமிழ்ப் பெடியள் எல்லோரும் ஒரே வீட்டில். புதிதாக ஒருவன் வந்தான். எவடம் என்று கேட்டார்கள், அவன் உள்ளதைச் சொன்னான். "அடுத்தநாள் அவன்ரை கோப்பை மற்றக் கோப்பையளோடை இல்லை. யன்னலடியிலை தனிய இருந்தது. ஒருதரும் ஒண்டும் சொல்லேல்லை. நானும் சொல்லேல்லை, தங்கச்சி. அந்தக் கோப்பையை எடுத்து இஞ்சாலை வைக்க எனக்குக் கை வரேல்லை. அவன் கொஞ்சநாளிலை வேறை இடத்துக்குப் போட்டான். பிறகு என்னைக் கேட்டவை. நான் சொல்லேல்லை. என்ரை கோப்பையை எங்கை வைக்கிறதெண்டு அவைக்குத் தெரியாமல் போச்சு." இதைச் சொல்லிச் சிரித்தார். அந்த வீட்டில் இருக்கப் பிடிக்காமல் மாலையில் தொழிற்சாலை மேற்பார்வையாளரின் வீட்டுக்குப் போகத் தொடங்கினாராம். அந்த நோர்வேக்காரரிடம் பழைய புளூஸ் இசைத்தட்டுகள் இருந்தன. மொழி தெரியாத இரண்டு பேர், மூன்றாம் மொழியில் ஒருவன் பாடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கிற்றார் பழகியதும் அவரிடம்தான்.

அந்தக் குளிர்காலம் முடியும் தறுவாயில் தமிழில் ஒரு புளூஸ் கட்டினார். அதை நான் பாட வேண்டும் என்றார்.

"மகள் கதைக்கிறாளில்லை, வீட்டிலை கரண்டிச் சத்தம்தான்.
ஓம், மகள் கதைக்கிறாளில்லை, வீட்டிலை கரண்டிச் சத்தம்தான்.
கரண்டிக்கும் ஒரு சுருதி இருக்கு, கேட்டுக்கேட்டுச் சாப்பிடுறன்."

நான் பாடிய முதல் முறை ஒரு கூத்து. ஒவ்வொரு வரியும் நான்கு ஆவர்த்தனம் என்றாரே, பாட்டு இரண்டிலேயே முடிந்துவிடுகிறது. மிச்சம் இரண்டு ஆவர்த்தனம் சும்மா கிடக்கிறது. சும்மா கிடக்கும் இடத்தைக் கண்டால் எங்கள் பழக்கம் விடுமா? ஆ என்று இழுத்து ஒரு சங்கதி போட்டேன். அடுத்த வரியில் ஸ்வரமே பாடிவிட்டேன். அவர் வாசிப்பதை நிறுத்தினார். "தங்கச்சி, அது என்ரை இடம்" என்றார். "பாடுறவர் பாதியிலை வாயை மூடவேணும். மற்றப் பாதி கிற்றாருக்கு. ஒருதர் வயலிலை கத்திப்போட்டு, மற்றவர் பதில் சொல்லும்வரைக்கும் நிண்டு பார்க்கிறதில்லையோ, அதுதான் இது. நீ எல்லாத்தையும் நீயே பாடினால் பதில் எங்கை வாறது?" அந்த இரண்டு ஆவர்த்தனம் வாயை மூடி இருக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. கச்சேரியில் வாய் மூடினால் மறந்துவிட்டாள் என்று நினைப்பார்கள்.

அது ஒலிபரப்பான அன்று மீரா வீட்டில் இருந்து கேட்டிருக்கிறாள். தகப்பன் வந்ததும், "அப்பா, கரண்டிக்குச் சுருதி இல்லை, சும்மா சொல்லாதேங்கோ" என்றாளாம். கதைத்துவிட்டாள். கல்யாணம் நடக்கவில்லை. சில வருடங்கள் கழித்து அவளே என்னிடம் சொன்னாள், "அக்கா, அவரின்ரை அப்பா அம்மா கேட்டதாலை நான் விடேல்லை. பிறகு அவரும் தனிய என்னைக் கேட்டவர். எனக்கு மட்டும் சொல்லன் எண்டு. அதோடை போதும் எண்டு விட்டிட்டன்." இதைச் சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கியது. தகப்பன் செய்தது சரி என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஈரல் புற்றுநோய் என்று தெரிந்தபோது தவம் அண்ணைக்கு அதிக காலம் இருக்கவில்லை. மருத்துவமனையில் என் ஆய்வுகூடத்துக்கு மேல் மாடியில்தான் கிடந்தார். மதிய இடைவேளையில் போவேன். விரலில் பலமில்லாமல் கிற்றார்த் தந்தியை வளைக்க முடியவில்லை என்று மட்டும் குறைப்பட்டார். கடைசியாகக் கதைத்த நாளில், அறிவித்தலில் பிறந்த இடம் போட வேண்டாம் என்று சாந்தி அக்காவிடம் சொல்லிவிட்டதாகச் சொன்னார். "அவளுக்குத்தான் கரைச்சல். எல்லாரும் அவளைத் துளைப்பினம். நீ பக்கத்திலை நில்லு" என்றார். தான் இல்லாமல் போன பிறகு சாந்தி அக்காவின் வாயிலிருந்து அந்த ஒரு சொல்லைப் பிடுங்கிவிடுவார்கள் என்பதுதான் அவருடைய பயம். சாவைப் பற்றி அவர் அவ்வளவு பயந்ததாகத் தெரியவில்லை.

இறுதிக்கிரியைக்கு முதல்நாள் அம்மா என் அறைக்கு வந்தார். கால் தரையில் படவில்லை. தவம் அண்ணையின் தமையன் ரொறன்ரோவிலிருந்து வந்திறங்கியிருந்தார். தமையனின் பெயரைப் பிடித்துக்கொண்டு அம்மா ரொறன்ரோவில் உள்ள மச்சாளுக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறார். "கண்டுபிடிச்சிட்டன்" என்றார். முகத்தைப் பார்த்தேன். நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று ஒன்றும் தெரியவில்லை. "அம்மா, சொல்லாதேங்கோ" என்றேன். "உனக்கு மட்டும்தானே..." "எனக்கும் வேண்டாம்." அவருக்கு வந்த ரோசத்தைப் பார்க்க வேண்டும். "அப்ப நான் இதை என்ன செய்யிறது?" என்று கேட்டார். சமையலறைக்குள் போய், நான் கேட்காமலே வெங்காயம் முழுவதையும் வெட்டித் தள்ளினார்.

மண்டபம் நிறைந்திருந்தது. அவருடைய அலுவலக நோர்வேக்காரர்கள் பின்வரிசையில் இருந்தார்கள். தமையன் பேச எழுந்தபோது முன்வரிசைப் பெரியவர்கள் கதிரை நுனிக்கு வந்துவிட்டார்கள். அவர், "என்ரை தம்பி சின்னனிலை இருந்து பிடிவாதக்காரன். பிடிவாதத்தோடையே போட்டான். நான் அவன்ரை பிடிவாதத்தைக் கெடுக்கேல்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு அமர்ந்தார். பிறகு நான் கரண்டிப் பாட்டைப் பாடினேன். மீரா தகப்பனின் கிற்றாரை எடுத்து வந்திருந்தாள். அவளுக்கு நன்றாக வாசிக்க வராது. நான் வாய் மூடிய இரண்டு ஆவர்த்தனத்திலும் தடுமாறித் தடுமாறி ஏதோ வாசித்தாள். காந்தாரம் மட்டும் தகப்பனுடையது.

கிரியை முடிந்து தேத்தண்ணிக்கு எல்லோரும் பக்கத்து அறையில் கூடினார்கள். தவம் அண்ணை என்னைச் சாந்தி அக்காவின் பக்கத்தில் நிற்கச் சொல்லியிருந்தார், நின்றேன். பெண்கள் சிலர் அம்மாவைச் சுற்றி வந்தார்கள். யாருடைய அடிநுனியும் தெரிய வேண்டுமானால் அம்மாவிடம் வருவதுதான் எங்கள் பகுதியில் வழக்கம். அதில் அவருக்குப் பெருமையும் உண்டு. "அக்கா, உங்களுக்குத் தெரியாமல் இராது. எவடமாம்?" என்றார் ஒருவர். சாந்தி அக்கா கையில் பலகாரத் தட்டோடு அப்படியே நின்றுவிட்டார். அவர் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. அம்மாவும் பார்த்தார்.

"தெரியாது" என்றார் அம்மா.

"ரொறன்ரோவுக்குக் கதைச்சனீங்கள் எண்டு சொன்னவை?"

"கதைச்சனான். அவைக்கும் தெரியாதாம்."

எவடம் என்ற கேள்விக்கு அம்மாவின் வாயிலிருந்து தெரியாது என்ற சொல் வந்து நான் கேட்டதே இல்லை. கேட்டவர் நம்பவில்லை. "உங்களுக்கே தெரியாதோ?" என்று ஒரு மாதிரிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அம்மாவுக்கு நன்றாகச் சுட்டிருக்கும். "எனக்கு வயசு போட்டுது, ஒண்டும் பிடிபடுகுதில்லை" என்று சொல்லிவிட்டுச் சால்வையை இழுத்துப் போர்த்துக்கொண்டார். சாந்தி அக்கா தட்டை மேசையில் வைத்துவிட்டு வந்து அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, அன்றுதான் முதல்முறையாக அழுதார். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அம்மா யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். "என்னை ஒண்டும் கேளாதை" என்றார். நான் கேட்கவில்லை.

அவரை அறிந்த உங்கள் ஒவ்வொருவரிடமும் அவருடைய ஏதாவது ஒன்று இருக்கும். ஒலிப்பதிவுகள் வானொலியில் இருக்கின்றன, கிற்றார் மீராவிடம் இருக்கிறது. நான் சொல்லிக் கொடுக்கும் பிள்ளைகளுக்கு இப்போது பன்னிரண்டு ஆவர்த்தனமும் தெரியும், 'கி'யை விழுங்கவும் தெரியும். இவையெல்லாம் பொதுச் சொத்து. எனக்கென்று தனியாக அவர் விட்டுப்போனது ஒன்றுதான். அடுத்த கட்டடத்தில் இருந்த மனிதர், சனிக்கிழமைதோறும் பக்கத்துக் கதிரையில் இருந்து என்னோடு சண்டை பிடித்த மனிதர், தங்கச்சி என்று கூப்பிட்ட மனிதர். அம்மாவுக்குத் தெரியும், அடுத்த அறையில்தான் இருக்கிறார், ஒரு சொல் கேட்டால் போதும், நான் கேட்கப்போவதில்லை. தவம் அண்ணை எந்த ஊரில் பிறந்தார் என்று எனக்குத் தெரியாது.